மூன்றாம் ஓட்டத்தின் பச்சை

ஒரு சோதனை ஒருமுறை தேறி, மறுமுறை தவறி, மூன்றாம் முறை மீண்டும் தேறுமானால், குற்றம் சோதனையினுடையதே அன்றிச் சோதிக்கப்பட்ட மென்பொருளினுடையது அன்று என்றும், ஆகையால் அதனை மறுபடி ஓட்டித் தேறியதற்கான பச்சை விழுந்ததும் அப்பால் நகர்வதே விவேகம் என்றும், அவ்வாறும் அடங்காத சோதனையை நிறுத்திவிடுவதே உத்தமம் என்றும் ஓர் அபிப்பிராயம், இணைய உலாவிகளைச் செய்வோரிடத்தும் அவற்றில் ஓடும் செயலிகளை எழுதுவோரிடத்தும் வேரூன்றியிருக்கிறது. சேலம் ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் பூங்காவுக்குப் போய்வருகிறவர்களைக் கேட்டாலும், வீட்டிலிருந்தே வேலை என்ற வசதியால் சேர்வராயன் மலைக்குத் திரும்பிவந்து நாகலூரிலும் செம்மடுவிலும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைக் கேட்டாலும் விடை ஒன்றே: “அது ஃப்ளேக்கி டெஸ்ட் சார், ரீ-ரன் கொடுத்தா சரியாயிடும்.” சரியாவது எது என்பதே என் கேள்வி.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் வலிமை குன்றாமல் முதலில் எடுத்துரைத்துவிடுகிறேன். பொத்தானைத் தொட்ட நூறு மில்லிவினாடிக்குள் பட்டியல் விரிந்ததா, அரை வினாடி பொறுத்துப் பார்க்கையில் படம் வந்து சேர்ந்திருந்ததா, நேற்றுத் திறந்த வேகத்தில் பக்கம் இன்றும் திறக்கிறதா என்று, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலாவியைக் கேட்பது நேரச் சோதனை. கேட்கும் யந்திரமோ அதே கணத்தில் வேறு நூறு காரியங்களைச் செய்துகொண்டிருக்கிறது. அதனால் ஆயிரத்தில் ஒருமுறை ஒரு சோதனை வீணே தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சோதனைகளை ஒருங்கே ஓட்டினால் அத்தனையும் தேறுவதற்கு நூற்றுக்கு முப்பத்தேழு பங்கே வாய்ப்பு. பத்தாயிரம் ஓட்டினால் அந்த வாய்ப்பு இல்லையென்றே சொல்லிவிடலாம். உலாவி ஒன்றுக்குச் சோதனைகள் பல்லாயிரம் உண்டு. கூகிள் நிறுவனத்தார் 2016-இல் தம் சோதனைகளைப் பற்றித் தாமே வெளியிட்ட கணக்கின்படி, ஓட்டங்களில் நூற்றுக்கு ஒன்றரை இவ்வாறு நிலையற்ற விடை தருபவை. சோதனைகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு ஏதோ ஓர் அளவில் இந்த நோய் கண்டவை. தேறிக்கொண்டிருந்தது திடீரெனத் தவறிய சந்தர்ப்பங்களில் நூற்றுக்கு எண்பத்து நான்கு இத்தகைய சோதனைகளைச் சார்ந்தவை. சங்கு ஊதும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் பார்ப்பது என்று புறப்பட்டால் எந்த உலாவியும் வெளிவராது. இது அற்பமான வாதம் அன்று. நோய் பரவலானது என்பதை இது சந்தேகமற நிரூபிக்கிறது. ஆனால் அந்த நோய்க்குக் கண்ணை மூடிக்கொள்வதே மருந்து என்பதை இதில் ஒரு வரிகூட நிரூபிக்கவில்லை.

1. கணக்கைத் துணைக்கு அழைத்தவர்கள் அதே கணக்கை ஏன் பாதியில் நிறுத்திவிட்டார்கள்? ஒரு மெய்யான பிழை, இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை வெளிப்படுவது, மென்பொருளில் இருப்பதாகக் கொள்வோம். மூன்று வாய்ப்புக் கொடுத்து, அவற்றுள் ஒன்றில் தேறினாலும் போதும் என்று விதி வகுத்தால், அப்பிழை பிடிபட மூன்று முறையும் அடுத்தடுத்துத் தவற வேண்டும். அதாவது எட்டில் ஏழு தடவை அது நம் கண்முன்னே நடந்து வாசலைத் தாண்டிப் போய்விடும். பத்தில் ஒருமுறை வெளிப்படும் பிழையோ ஆயிரத்தில் ஒரு தடவைதான் அகப்படும். பத்து லட்சம் பேர் அந்தப் பக்கத்தைத் திறக்கையில் அவர்களுள் ஒரு லட்சம் பேருக்கு நேரும் தவறுதலை, ஆயிரத்துக்கு ஒன்றாகத் தோன்றும்படி வடிகட்டித் தரும் ஏற்பாட்டுக்குச் சோதனை என்று பெயர் சொல்வது அந்தச் சொல்லுக்கே அபசாரம். மறுபடி ஓட்டுவதை நான் எதிர்க்கவில்லை. மறுபடி ஓட்டியபின் முதல் விடையை அழித்துவிடுவதையே எதிர்க்கிறேன்.

2. சோதனை தடுமாறினால் மென்பொருள் குற்றமற்றது என்பது எந்தப் பிரமாணத்தினால் பெறப்பட்டது? இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2014-இல், அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில் இத்தகைய சோதனைகளைச் செப்பனிட்ட 201 திருத்தங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். காரணம் தெளிவாகத் தெரிந்தவற்றுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவை, ஒரு காரியம் முடிவதற்குச் சரியாகக் காத்திராமையால் விளைந்தவை. ஐந்தில் ஒரு பங்கு, ஒரே காலத்தில் ஓடும் இழைகள் ஒன்றையொன்று முந்துவதால் விளைந்தவை. இந்த வகைப்பாட்டை எல்லோரும் எடுத்துச் சொல்லுகிறார்கள். எடுத்துச் சொல்லாமல் விடப்படும் முடிவு ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது: திருத்தங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, சோதனையை அல்ல, சோதிக்கப்பட்ட நிரலையே மாற்றியவை, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்நிரலில் இருந்த மெய்யான பிழையைப் போக்கியவை. நான்கு முறை பொய் சொன்னதாகத் தூற்றப்பட்டவன் அவற்றுள் ஒருமுறை மெய்யே சொல்லியிருக்கிறான் என்று ஏற்படுமானால், தூற்றியவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டாமா?

காலத்தைப் பற்றிய பிழைகள் இயல்பாகவே எப்போதோ ஒருமுறைதான் தலைகாட்டும். 2017 பிறந்த கணத்தில், உலக நேரத்தோடு ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டபோது, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பெயர்த்தேடல் சேவையில் ஒரு பகுதி நிலைகுலைந்தது. கடிகாரம் பின்னோக்கி நகராது என்று நம்பி எழுதப்பட்ட நிரலில் இரு நேரங்களின் வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதே காரணம். அப்பிழையை நாள்தோறும் தவறாமல் காட்டும் சோதனையை எவர் எழுதியிருக்க முடியும்? எப்போதாவது தவறும் சோதனையில்தான் அது அகப்பட்டிருக்கும். நம் பழக்கத்தின்படி நாமும் அதை மறுபடி ஓட்டிப் பச்சையாக்கியிருப்போம்.

3. யந்திரத்தின் சபலம் என்று சொல்லிவிட்டால் காரணம் சொன்னதாகிவிடுமா? தர்க்க சாஸ்திரம் பயிலப் புகும் மாணவனுக்கு முதலில் காட்டப்படும் உதாரணம், மலைமேல் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு என்னும் அனுமானம். ஏற்காட்டுவாசிக்கு அந்த உதாரணத்தில் உள்ள அபாயம் உடனே தெரியும். மார்கழிக் காலையில் சேர்வராயன் முகட்டில் எழுவதெல்லாம் புகையென்று கொண்டால் தீயணைப்பு வண்டி இருபது கொண்டையூசி வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டியதுதான். மூடுபனியைப் புகையென்று மயங்கினால் அனுமானம் பழுதாகும் என்பதைப் பழைய தார்க்கிகர்களும் அறிவார்கள். ஆனால் அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் இரண்டையும் பிரித்தறியும் லட்சணங்களைத் தேடுவதே ஒழிய, இனி மலையையே பார்ப்பதில்லை என்று சபதம் செய்வதன்று.

பிரித்தறிவது அசாத்தியமும் அன்று, ஏனென்றால் உலாவியின் நேரத் தடுமாற்றங்களில் பெரும்பகுதி சபலத்தால் அல்ல, எழுதப்பட்ட சட்டத்தால் விளைவது. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து அடுக்குக்கு மேல் தொடுக்கப்பட்ட நேரமானிகள் நான்கு மில்லிவினாடிக்குக் குறைந்த இடைவெளியில் எழா என்பது இணையத் தரநிலையிலேயே விதி. கண்ணுக்கு மறைவாகப் பின்னணியில் கிடக்கும் தாவலின் நேரமானிகளை உலாவிகள் வினாடிக்கு ஒருமுறை மட்டுமே எழுப்புகின்றன. 2021-இல் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து கிடக்கும் தாவலில் அது பல சமயம் நிமிடத்துக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. மறைந்த சாளரத்தில் ஐம்பது மில்லிவினாடிக்கு ஒருமுறை மணி அடிக்கும் என்று எதிர்பார்த்து எழுதிய சோதனை தவறுவது விதியின் பயன், வினையின் பயன் அன்று. போதாக்குறைக்கு, 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் ஓட்டை பகிரங்கமானதும், நுண்ணிய கடிகாரம் ஒன்று கையிலிருந்தால் நினைவகத்தில் உள்ள ரகசியங்களை ஊகித்துவிடலாம் என்று கண்டு, உலாவிகளைச் செய்வோர் தம் கடிகாரங்களைத் தாமே வேண்டுமென்று மழுக்கினார்கள்: ஃபயர்ஃபாக்ஸ் இருபது மைக்ரோவினாடிக்கு, சஃபாரி ஒரு முழு மில்லிவினாடிக்கு. மழுக்கப்பட்ட அளவுகோலால் அதன் பிரிவைவிடச் சிறிய நீளத்தை அளக்கப் புகுந்து, நீளம் தடுமாறுகிறது என்று புகார் சொல்பவரை என்னவென்று சொல்வது?

யந்திரம் இருக்கும் இடமும் காரணமே. சித்திரை வெயிலில் சேலத்தில் ஓடும் மடிக்கணினி, சூடு எல்லை மீறியதும் தன் நுண்செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதையே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தால், இங்குள்ள குளிர் அதற்கு அனுகூலம். ஆனால் கடல்மட்டத்துக் காற்றைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மெலிந்த மலைக்காற்றை விசிறி எவ்வளவு வீசினாலும் அது கொண்டுபோகும் சூடு குறைவாதலால், குளிர் தந்த லாபத்தில் ஒரு பகுதியை உயரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஐப்பசி மழையில் மின்சாரம் போய் மின்கலத்துக்கு மாறிய நிமிடத்தில் அதே கணினி சிக்கன நிலைக்கு இறங்கி இன்னும் மெதுவாகிறது. வெப்பம், காற்று, மின்சாரம் என்ற இம்மூன்றையும் சோதனை ஓடும்போதே பதிவு செய்யலாம். பதிவு செய்யாதவர் அவற்றைச் சபலம் என்கிறார்.

4. தடுமாறாத சோதனை மெய்யே பேசும் என்ற நம்பிக்கையாவது நிலைக்குமா? அதுவும் நிலைக்காது. மிட்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி என்னும் நால்வர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, நிரல் தொடங்கும்போது இயங்குதளம் அதனிடம் ஒப்படைக்கும் சூழல் விவரங்களின் மொத்த நீளம் மாறினாலே நிரலின் வேகம் மாறக்கூடும் என்று காட்டியது. நினைவகத்தில் தரவுகள் இடம்பெயர்வதுதான் காரணம். இதன் பயங்கரம் எங்கே என்றால், ஒரே யந்திரத்தில் ஒரே சூழலில் எத்தனை முறை ஓட்டினாலும் எண் அசையாது, அசையாமலே தவறாயிருக்கும். ஓர் எண் அசைகிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி, அது மெய்யா என்பது வேறொரு கேள்வி. பச்சையையும் சிவப்பையும் மட்டும் அறிந்த நம் வழக்கம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

5. தடுமாறுகிறவனை நீக்கிவிட்டால் தடுமாற்றம் தீர்ந்ததா? இதைப் பரீட்சித்துப் பார்த்த சரித்திரம் ஒன்று உண்டு. உலாவிகளுக்கு இருநூறு ஆண்டு முந்தியது. கிரீனிச் வானோக்கு நிலையத்தில் அரச வானவியலாளராக இருந்த நெவில் மாஸ்கலைன், தம் உதவியாளர் டேவிட் கின்னெப்ரூக் என்பவர், விண்மீன்கள் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தம்மைவிட அரை வினாடி பிந்திக் குறிப்பதை 1795-இல் கண்டார். 1796 ஜனவரியில் அது பத்தில் எட்டுப் பங்கு வினாடியாக வளர்ந்தது. கடிகாரத்தின் ஒலியைக் காதால் கேட்டுக்கொண்டே விண்மீனின் நகர்வைக் கண்ணால் பார்த்துப் பத்தில் ஒரு பங்கு வினாடிவரை மதிப்பிடுவது அக்காலத்து முறை. உதவியாளர் ஒழுங்கற்ற வழக்கத்தில் வீழ்ந்துவிட்டார் என்று தீர்மானித்து மாஸ்கலைன் அவரை வேலையிலிருந்து நீக்கினார். எதிர்க்கட்சியார் கேட்டால் மெச்சியிருப்பார்கள்.

ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தபின், கோனிக்ஸ்பெர்க் நகரத்து வானவியலாளர் பெஸ்ஸல் அந்தச் சம்பவத்தைப் படித்து, நீக்கியவர் கேட்காத கேள்வியைக் கேட்டார்: குறித்தவர் தவறினாரா, அல்லது குறிப்பவர் எல்லோருமே ஒருவரிலிருந்து ஒருவர் இவ்வாறு வேறுபடுகிறார்களா? தம்மையும் தேர்ந்த வேறு வானவியலாளர்களையும் ஒரே விண்மீனைக் குறிக்கச் செய்து ஒப்பிட்டார். வித்தியாசம் ஒரு வினாடிக்கும் மேல் வந்தது. மாஸ்கலைன் வேலையைப் பறிக்கப் போதுமென்று கண்ட பிழையைவிடப் பெரிய பிழை, ஐரோப்பாவின் தலைசிறந்த கண்களுக்கு நடுவிலேயே இருந்தது. பெஸ்ஸல் எவரையும் நீக்கவில்லை. ஒவ்வொருவருடைய பேதத்தையும் அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று காட்டினார். வானவியல் அந்தத் தினத்திலிருந்து நுட்பமானதே தவிர நின்றுபோகவில்லை. கின்னெப்ரூக் பாவம், அதைப் பார்க்க உயிரோடில்லை.

உலாவிச் சோதனைக்கு இதன் பொருள் வெளிப்படை. நூறு மில்லிவினாடி என்று ஒரு கோட்டைக் கிழித்து, ஒரே ஓட்டத்தில் கிடைத்த ஒரே எண்ணை அதன்மேல் வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் மூலக் குற்றம். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே யந்திரத்தில் மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டி, இரண்டின் நடுமதிப்பையும் சிதறலையும் ஒப்பிட்டால், யந்திரத்தின் சூடு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். மென்பொருளின் மாற்றம் மட்டும் மிஞ்சும். அதுபோலவே, ஒரு சோதனை சென்ற மாதம் ஆயிரத்தில் ஒருமுறை தவறி, இந்த மாதம் ஐம்பதில் ஒருமுறை தவறுமானால், ஒவ்வொரு தடவையும் மறு ஓட்டத்தில் அது பச்சையாகியிருந்தாலும் ஒரு செய்தியை உரக்கச் சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைக் கேட்க வேண்டுமானால் தவறிய ஓட்டங்களின் பதிவு இருக்க வேண்டும்.

காத்திருப்புக்காக மட்டும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோதனைகளின் வழக்கு வேறு. அதை நெடுக விவாதிக்க அவசியமில்லை. படம் வந்துவிட்டது என்னும் அறிவிப்பு எழும்வரை காத்திருக்க முடிகிறபோது, அரை வினாடி போதும் என்று ஜோசியம் பார்ப்பது சோம்பல். அரை வினாடி போதாமல் தவறினால் அதை ஐந்து வினாடியாக்குவது அந்தச் சோம்பலுக்குக் கொடுக்கும் பதவி உயர்வு. கடிகாரத்தையே பொய்யாக வைத்து, காலத்தை நாம் தள்ளினால்தான் நகரும்படி செய்யும் வசதி இன்று பல சோதனைக் கருவிகளில் உண்டு.

6. இழப்பு எவர் தலையில் விழுகிறது என்று யாராவது யோசித்தார்களா? சோதனைச்சாலை யந்திரத்தில் ஆயிரத்தில் ஒருமுறை நேரும் முந்துதலும் பிந்துதலும், மலிவான கைபேசியில், வளைவுக்கு வளைவு சிக்னல் மறையும் ஏற்காட்டு மஞ்சக்குட்டையிலோ கொட்டச்சேட்டிலோ இன்னும் அடிக்கடி நேரும். ஏனெனில் பதில் பிந்தி வருவதும், எழுதியவன் எண்ணிய வரிசை குலைவதும் அங்கேதான் சகஜம். பணம் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கம் அசையாததால் மீண்டும் அழுத்துகிற காப்பித்தோட்டத் தொழிலாளிக்கு ரீ-ரன் என்று ஒரு வசதி கிடையாது. அவருடைய அனுபவத்துக்கு மிக அருகில் வரும் சோதனை எதுவோ, அதுவே நம் நாற்காலிகளிலிருந்து பார்க்கையில் நம்பத்தகாததாகத் தெரிகிறது. உலாவி இனித் தூரதேசத்துச் சமாசாரமும் அன்று: குரோமியத்தின் மேல் கட்டப்பட்டு 2023-இல் வெளிவந்த ஜோஹோவின் உலா, மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் ஒரு கோடி ரூபாய் முதற் பரிசைப் பெற்றிருக்கிறது. பிறர் கட்டிய அஸ்திவாரத்தின் மேல் எழுப்புகிற எவருக்கும் அதன் சோதனைகளும் சேர்ந்தே வரும். அவற்றை எந்தச் சிரத்தையோடு வாசிப்பது என்பதை மட்டும் இங்குள்ளவர்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாகச் செலவு என்ற ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. இத்தனைக்கும் நேரமேது, யந்திரமேது என்பார்கள். மூன்று முறை ஓட்ட யந்திரம் இருக்கிறதே, அந்த மூன்று விடைகளையும் குறித்துவைக்க மட்டும் யந்திரம் இல்லையா? எல்லாச் சோதனையையும் ஒரே நாளில் திருத்து என்று நான் கேட்கவில்லை. மொஸில்லாவின் சோதனைக் கருவியில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: இத்தனை மில்லிவினாடி காத்திரு என்று ஒருவர் எழுதப் புகுந்தால், நிலையற்ற காத்திருப்புக்கு அனுமதி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு, காரணத்தையும் சோதனைக்குள்ளேயே எழுத வேண்டும், எழுதாவிட்டால் சோதனை தேறாது. அந்த விதியை மறு ஓட்டத்துக்கும் நீட்டினால் போதும். முதல் தவறுதலின் பதிவு, ஓட்டியவரின் பெயர், காரணம் என்று அவர் கருதுவது, இந்தச் சலுகை காலாவதியாகும் தேதி ஆகிய நான்கும் இல்லாமல் மூன்றாம் ஓட்டத்தின் பச்சை எந்தப் பதிப்பின் கணக்கிலும் ஏறலாகாது.